ஆயிரத்துக்கு இத்தனை பேர்: விக்டோரியா காலச் சுகாதார அதிகாரியின் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

1860களில் லண்டனின் ஒரு வட்டாரச் சுகாதார அதிகாரி எழுதிய ஆண்டறிக்கையைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளி வரை போட்டிருக்கிறார். போன வருடத்தைவிடக் குறைந்திருக்கிறது, நாங்கள் போட்ட சாக்கடைதான் காரணம் என்கிறார். கணினி இல்லாத காலத்தில் இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொன்னார்கள், இதை நம்பலாமா என்பது உங்கள் கேள்வி. எனக்கு அதற்குள் மூன்று கேள்விகள் தெரிகின்றன. செத்தவர்களைச் சரியாக எண்ணினார்களா? எந்த மக்கள்தொகையால் வகுத்தார்கள்? விகிதம் குறைந்ததற்கு அவர் சொல்லும் காரணம் நிற்குமா? முதலாவதற்குத் தயங்காமல் ஆம் என்பேன். இரண்டாவதற்கு, அது எந்த வருடத்து அறிக்கை என்று பார்த்துவிட்டுத்தான் பதில். மூன்றாவதற்கு அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. அவராலும் முடிந்திருக்காது.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. சமூக மருத்துவம் படித்து, பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு பல வருடம் வேலை பார்த்தவன். அந்தப் பழக்கத்தில்தான் இந்த அறிக்கைகளைப் படிக்கிறேன். அதனால் பதிவேடு, வகுத்தல், காரணப் பட்டியல் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பிக்கையோடும், லண்டன் உள்ளாட்சி அரசியல் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணிக்கை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது. நாட்டைப் பதிவு மாவட்டங்களாகவும், அவற்றை இன்னும் சிறிய வட்டங்களாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவாளரைப் போட்டார்கள். அவர் தன் புத்தகத்தில் எழுதியதைப் படியெடுத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். அந்தத் தாள்கள் லண்டன் சாமர்செட் ஹவுஸில் இருந்த தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். அங்கே குமாஸ்தாக்கள் உட்கார்ந்து வயது, பால், காரணம் என்று கையாலேயே கோடு போட்டு எண்ணினார்கள். 1839 முதல் சுமார் நாற்பது ஆண்டுகள் அந்தப் புள்ளிவிவரப் பிரிவின் மூளையாக இருந்தவர் வில்லியம் ஃபார் என்ற மருத்துவர். (கணினி இல்லை என்றீர்கள். ஒவ்வொரு வயதிலும் சாகும் வாய்ப்பைக் கொண்டு ஆயுளைக் கணிப்பது ஆயுள் அட்டவணை. 1864-இல் வெளியான அப்படியொரு அட்டவணைக்கு ஷாய்ட்ஸ் என்ற ஸ்வீடன்காரர்கள் செய்த கணக்குப் பொறியை ஃபார் பயன்படுத்தினார். ஆங்கிலக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜின் யோசனையைப் பார்த்துச் செய்த இயந்திரம் அது. நினைத்த அளவுக்கு வேலையைக் குறைக்கவில்லை என்பது வேறு கதை.)

இறப்புகள் ஏன் விட்டுப்போகவில்லை என்றால், பிணத்தைப் புதைக்க வேண்டும். பதிவாளரின் சான்று இல்லாமல் அடக்கம் செய்தவர் ஏழு நாளைக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்காவிட்டால் 10 பவுண்டு வரை அபராதம் என்று 1836-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அதனால் முதல் சில வருடங்களுக்குப் பிறகு, பெரியவர்களின் சாவு பதிவேட்டுக்கு வெளியே நிற்பது அபூர்வம். பிறப்புக்கு இப்படி ஒரு கிடுக்கிப்பிடி இல்லை. பிறப்பைப் பதியாவிட்டால் தண்டனை என்ற நிலை 1874-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. எனவே அதற்கு முந்தைய அறிக்கைகளில், ஆயிரம் பிறப்புக்கு இத்தனை குழந்தைகள் இறந்தன என்ற கணக்கில் கீழே இருக்கும் பிறப்பு எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவு. விகிதம் சற்று ஊதித் தெரியும். இதற்கு எதிர்ப்பக்கமாக இழுக்கும் ஓட்டையும் ஒன்று உண்டு. செத்துப் பிறந்த குழந்தையைப் பதிய வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் 1927 வரை கிடையாது. பிறந்து சில மணி நேரம் மூச்சுவிட்டு இறந்த குழந்தையையும் செத்தே பிறந்தது என்று சொல்லி, செலவில்லாமல் வேறொருவரின் சவப்பெட்டியில் வைத்து அடக்கம் செய்துவிடுவது நடந்திருக்கிறது. இந்த இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். எந்தத் தெருவில் எது அதிகம் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்.

அடுத்து வகுத்தல். என் அனுபவத்தில் இறப்பு விகிதம் தவறிப்போவது மேலே இருக்கும் எண்ணால் அல்ல, கீழே இருக்கும் எண்ணால்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841, 1851, 1861 என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை. இடைப்பட்ட வருடங்களுக்கு, போன பத்தாண்டில் எந்த வேகத்தில் வளர்ந்ததோ அதே வேகத்தில் இப்போதும் வளர்கிறது என்று வைத்துக்கொண்டு ஊகித்தார்கள். 1862 அறிக்கையில் இது பெரிய பிழை தராது. 1869, 1870 அறிக்கை என்றால் உஷாராகப் படிக்க வேண்டும்.

லிவர்பூல் இதற்கு நல்ல உதாரணம். 1871-இல் அந்த நகரத்தின் மக்கள்தொகை 4,93,405. 1881-இல் 5,52,508. பத்து வருடத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு கூடியிருக்கிறது. அதே வேகத்தை நீட்டிப் பார்த்தால் 1891-இல் 6,18,000-க்கு மேல் வர வேண்டும். கணக்கெடுத்தபோது வந்தது 5,17,980. ஊர் வளரவில்லை, சுருங்கியிருக்கிறது. வசதியானவர்களும் கூலி கொஞ்சம் உயர்ந்தவர்களும் எல்லைக்கு வெளியே குடிபோய்க்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கு ஒரு வருடத்தில் 14,000 பேர் இறந்தார்கள் என்று வையுங்கள். ஊகித்த மக்கள்தொகையால் வகுத்தால் ஆயிரத்துக்கு 22.6, உண்மையானதால் வகுத்தால் 27. ஒரு சாவுகூடக் குறையாமல், ஒரு குழாய்கூடப் போடாமல், நாலரைப் புள்ளி முன்னேற்றம் காட்டலாம்! யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, சூத்திரமே செய்துவிடும். உங்கள் அதிகாரியின் தசமப் புள்ளியை இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

சின்ன வட்டாரங்களில் இன்னொரு தொல்லை. ஐயாயிரம் பேர் இருக்கும் இடத்தில் வருடத்துக்குச் சராசரியாக நூறு பேர் இறக்கிறார்கள் என்றால், எதுவுமே மாறாவிட்டாலும் ஒரு வருடம் 85, மறு வருடம் 115 என்று ஆடுவது இயல்பு. அதாவது ஆயிரத்துக்கு 17-இலிருந்து 23 வரை வெறும் தற்செயலிலேயே நகரும். அதற்கு மேல் தட்டம்மை பெரிய நகரங்களில் ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போகும், குழந்தைகளைத் தாக்கும் ஸ்கார்லெட் காய்ச்சல் என்ற தொற்றுநோய் சில வருடங்களுக்கு ஒருமுறை பொங்கும், கோடை சூடாக இருந்தால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு எகிறும், பனி கடுமையாக இருந்தால் கிழவர்களின் நெஞ்சு நோய் கூடும். ஆக, போன வருடத்தைவிட இந்த வருடம் குறைவு என்ற வாக்கியத்துக்கு என்னைப் பொறுத்தவரை எடையே கிடையாது. ஐந்து வருடச் சராசரியை இன்னொரு ஐந்து வருடச் சராசரியோடு வைத்துப் பார்த்தால் பேசலாம்.

அப்புறம், யார் எங்கே சாகிறார்கள் என்ற பிரச்சினை. லண்டன் ஹாஸ்பிட்டல் வைட்சேப்பலில் இருந்தது. கிழக்கு லண்டன் முழுவதிலிருந்தும் அங்கே கொண்டுவரப்பட்டு இறந்தவர்கள் வைட்சேப்பல் பதிவேட்டில் ஏறினார்கள். ஏழைகள் விடுதி ஒரு வட்டாரத்தின் எல்லைக்குள் இருந்தால், பக்கத்து வட்டாரத்துக் கிழவர்களின் சாவும் இங்கே சேரும். மறுபக்கம், பணக்கார மேற்கு லண்டனில் வீட்டு வேலை செய்த கிராமத்துப் பெண்கள் காசநோய் முற்றினால் ஊருக்கு அனுப்பப்பட்டு, ஊர்க் கணக்கில் இறந்தார்கள். கென்சிங்டன் போன்ற இடங்களின் விகிதம் அழகாக இருந்ததற்கு வசதி முதல் காரணம் என்றாலும் இதுவும் ஒரு காரணம். நல்ல சுகாதார அதிகாரிகள் வெளியூர்க்காரர்களைக் கழித்து, வெளியே இறந்த தங்கள் ஆட்களைக் கூட்டி, திருத்திய விகிதம் என்று தனியாகக் கொடுத்தார்கள். சிலர் கழித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்! இறந்தவரை அவர் வழக்கமாகக் குடியிருந்த இடத்துக்கே மாற்றி எண்ணும் முறை நாடு முழுவதும் ஒழுங்காக வந்தது 1911-இல்தான். நம் ஊரிலும் சாவு நடந்த இடத்தில்தான் பதிவு. பெரிய அரசு மருத்துவமனை இருக்கும் மண்டலத்தின் இறப்புக் கணக்கைப் பார்த்து, அங்கே ஏதோ கொள்ளைநோய் என்று நினைத்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் கொஞ்சமல்ல.

வயதுக் கலவையையும் விடக்கூடாது. ஆலை ஊருக்கு வேலை தேடி வருபவர்கள் இருபது முப்பது வயதுக்காரர்கள், சாகிற வயதில்லை. அதனால் அந்த ஊரின் விகிதம், அங்கே வாழ்வதன் ஆபத்தைக் குறைத்தே காட்டும். ஓய்வு பெற்றவர்கள் குடியேறும் கடற்கரை ஊர் அதற்கு நேர் எதிர். இதை வயது வாரியாகத் திருத்தி, பெரிய நகரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 1880களில்தான் வழக்கமாக்கியது. உங்கள் 1860களின் அறிக்கையில் இருப்பது பெரும்பாலும் திருத்தாத எண்ணாகத்தான் இருக்கும்.

கேள்வியின் ஓரத்தில் ஒன்று கேட்டிருந்தீர்கள்: லிவர்பூலில் கூலித் தொழிலாளியின் ஆயுள் 15 வருடம்தான் என்று எங்கோ படித்தேன், அது நிஜமா என்று. அது சுகாதாரச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக் 1842-இல் வெளியிட்ட அறிக்கையில் வருவது. லிவர்பூலில் மேல்தட்டினர் 35, வியாபாரிகள் 22, கூலிகள் 15. நாட்டுப்புறமான ரட்லாண்டிலோ கூலிக்கே 38. எண்கள் அவர் போட்டவைதான், ஆனால் அவை ஆயுள் எதிர்பார்ப்பு அல்ல. அந்த வருடம் இறந்தவர்களின் வயதையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்திருக்கிறார். குழந்தைகள் நிறையப் பிறக்கும் இடத்தில் குழந்தைச் சாவும் நிறைய இருக்கும், சராசரி சரிந்துவிடும். முதியோர் மட்டும் வாழும் தெருவில் இதே கணக்கைப் போட்டால் எழுபது வரும், அந்தத் தெரு ஆரோக்கியமானது என்று அதற்குப் பொருள் இல்லை. காப்பீட்டுக் கணக்காளரான நீசன் அப்போதே இதைப் பிடித்துச் சொன்னார். ஃபார் முறையாக ஆயுள் அட்டவணை போட்டார்: 1841-ஐ ஒட்டிய நிலவரப்படி பிறந்த குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு சர்ரேயில் 45, லண்டனில் 37, லிவர்பூலில் 26. சரியான முறையில் போட்டாலும் 26 என்பது பயங்கரமான எண்தான். ஆனால் 15 அல்ல. இன்றைக்கும் கட்டுரைகளில் 15-ஐ ஆயுள் என்று எழுதுவது எனக்கு எரிச்சல் தரும் விஷயம்.

சாட்விக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த எண்கள் ஆராய்ச்சிக்காகப் பிறந்தவை அல்ல, வாதாடப் பிறந்தவை. 1848-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, ஓர் ஊரின் ஏழு வருடச் சராசரி இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 23-ஐத் தாண்டினால், ஊர்க்காரர்கள் கேட்காவிட்டாலும் லண்டனிலிருந்த சுகாதார வாரியம் அங்கே உள்ளூர் வாரியம் அமைக்க வழி செய்யலாம். இல்லாவிட்டால் வரி கட்டுபவர்களில் பத்தில் ஒரு பங்கினர் மனுக் கொடுக்க வேண்டும். வாரியம் வந்தால் சாக்கடை, குழாய், அதற்கு வரி. ஆகவே 22-ஆ 23-ஆ என்பது பணப் பிரச்சினை. யார்க்‌ஷரில் ஹாவர்த் என்ற சின்ன ஊரிலிருந்து பாதிரியார் பாட்ரிக் பிரான்டி முதலானோர் கொடுத்த மனுவின்பேரில் விசாரிக்க 1850-இல் பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ் போனார். முன்னால் சொன்ன சார்லஸ் பாபேஜின் மகன். ஊரில் இறப்போரின் சராசரி வயது 25.8, ஆறு வயதுக்குள் இறப்போர் நூற்றுக்கு 41.6 என்று எழுதினார். சராசரி வயது என்ற குறைபாடுள்ள அளவுகோல் அங்கேயும் வருகிறது, ஆனால் இரண்டாவது எண்ணில் குழப்பம் குறைவு. கக்கூஸ் குழிகளையும் நிரம்பி வழிந்த இடுகாட்டையும் அவர் விவரித்திருப்பதைப் படித்தால் எண்ணே தேவையில்லை.

ஃபார் இதே விஷயத்தை வேறு மாதிரி அணுகினார். நாட்டின் ஆரோக்கியமான மாவட்டங்களில் ஆயிரத்துக்கு 17 பேர்தான் சாகிறார்கள், அப்படியானால் உங்கள் ஊரில் அதற்கு மேல் சாகும் ஒவ்வொருவரும் தடுத்திருக்கக் கூடிய சாவு என்றார். 17 என்பது இயற்கை விதி எதுவும் இல்லை. எட்டிப் பிடிக்கக் கூடியது என்று காட்டத் தேர்ந்தெடுத்த எல்லை. ஆனால் ‘உங்கள் விகிதம் 25’ என்பதைவிட ‘லட்சம் பேர் உள்ள உங்கள் ஊரில் சாகத் தேவையில்லாத எண்ணூறு பேர் செத்தார்கள்’ என்பது சபையில் உறைக்கும். அதை நன்றாகப் புரிந்துகொண்டவர் அவர்.

சுகாதார அதிகாரி என்ற பதவியே அப்போது புதியது. லிவர்பூல் தனக்கென ஒரு சட்டம் வாங்கி 1847 ஜனவரியில் டாக்டர் டங்கனை நியமித்தது. நாட்டிலேயே முதல் ஆள். பதவியேற்ற வருடமே அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பி மூன்று லட்சம் பேர் அளவில் அந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள். பேனால் பரவும் டைஃபஸ் காய்ச்சல் ஊரையே புரட்டிப்போட்டது. அடுத்த வருடம் லண்டனின் நடுவிலிருக்கும் சிட்டி என்ற பழைய நகரப் பகுதிக்கு ஜான் சைமன் வந்தார். லண்டனின் மற்ற வட்டாரங்கள் 1855 சட்டத்துக்குப் பிறகு, 1856 முதல், ஆளுக்கொரு மருத்துவரை வைத்துக்கொள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டன. நீங்கள் படித்த அறிக்கையை எழுதியவர் அந்த வரிசைக்காரர். பெரும்பாலும் பகுதி நேர வேலை, சொந்த கிளினிக்கும் உண்டு. அவரை வேலைக்கு வைத்திருந்த வெஸ்ட்ரி என்ற உள்ளூர் சபையில் வாடகைவீட்டுச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கக்கூஸைப் பற்றித்தான் அவர் அறிக்கை எழுத வேண்டும். ‘சாக்கடையால் குறைந்தது’ என்று அவர் எழுதும்போது, அடுத்த சாக்கடைக்குப் பணம் கேட்கிறார் என்று வாசிப்பது தப்பில்லை.

இறப்புக் காரணம் என்ற பத்தி இருக்கிறதே, அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. மருத்துவர்களுக்கு அச்சிட்ட சான்றுப் படிவங்கள் 1845 முதல் கொடுக்கப்பட்டன, ஆனால் கவனித்த மருத்துவர் சான்று தந்தே ஆக வேண்டும் என்றது 1874 சட்டம்தான். அதுவரை பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் பதிவேட்டில் ஏறியது. குழந்தைகளுக்கு ‘வலிப்பு’, ‘பல் முளைத்தல்’, ‘பலவீனம்’ என்று பக்கம் பக்கமாக இருக்கும். இவை நோயின் பெயர்கள் அல்ல, கடைசியில் கண்ணில் பட்ட காட்சி. டைஃபஸும் டைஃபாய்டும் தேசியக் கணக்கில் தனித்தனியாகப் பிரிந்தது 1869-இல். அதற்கு முன் ‘காய்ச்சல்’ குறைந்தது என்றால், பேனால் பரவும் நோய் குறைந்ததா, அசுத்தத் தண்ணீரால் பரவும் நோய் குறைந்ததா என்று அந்தப் பத்தி சொல்லாது. இரண்டுக்கும் சாக்கடையோடு உள்ள உறவு ஒன்றல்ல. பெரியம்மை, காலரா, கக்குவான் இருமல் போன்று பாமரருக்கும் அடையாளம் தெரிந்த நோய்களை நம்பலாம். குடும்ப மானம் கருதி மறைக்கப்பட்ட சிஃபிலிஸ் போன்றவற்றை நம்பவே முடியாது.

இவ்வளவு சொன்னதும் அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் பலம் முதல் பக்கத்து விகிதத்தில் இல்லை, பின்னால் இருக்கும் தெருப் பட்டியலில் இருக்கிறது. எந்தச் சந்தில், எந்த வீட்டில், எத்தனை வயதில் என்று பிரித்துப் பார்க்கும்போது ஊகித்த மக்கள்தொகையின் பிழையும் மருத்துவமனைக் குழப்பமும் பெரிதும் உதிர்ந்துவிடுகின்றன. ஒரே வருடம், ஒரே வானிலை, ஒரே பதிவாளர். ஒரு தெருவுக்கும் மறு தெருவுக்கும் ஒப்பீடு. ஜான் ஸ்னோ என்ற லண்டன் மருத்துவரின் வேலை இதற்கு உச்சம். ஒரு தெருப் பம்பின் தண்ணீரால் காலரா பரவியது என்று அவர் காட்டிய பிராட் ஸ்ட்ரீட் பம்புக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது தெற்கு லண்டன். அங்கே ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விட்டன. லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் நீரெடுப்பு இடத்தைத் தேம்ஸ் நதியின் மேற்பகுதிக்கு மாற்றிவிட்டது. சதர்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி நகரத்துச் சாக்கடை கலந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தது. 1854 காலராவின் முதல் ஏழு வாரத்தில் இறந்தவர்களின் முகவரிகளை ஃபாரின் அலுவலகத்திலிருந்து வாங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று ஸ்னோ விசாரித்தார். பத்தாயிரம் வீட்டுக்கு சதர்க் அண்ட் வாக்ஸால் தண்ணீரில் 315 சாவு, லாம்பெத் தண்ணீரில் 37. ஆளை எண்ணாமல் வீட்டை எண்ணியது ஒரு குறைதான். ஆனால் எட்டு மடங்கு வித்தியாசத்தை அந்தக் குறையால் உண்டாக்க முடியாது. கெட்ட காற்றும் தாழ்வான நிலமும்தான் காலராவுக்குக் காரணம் என்று எழுதிவந்த ஃபாரே மெல்ல மனம் மாறினார். 1866-இல் காலரா கிழக்கு லண்டனில் மட்டும் குவிந்தபோது அவர் முதலில் பார்த்தது தண்ணீர்க் கம்பெனியின் எல்லைக் கோட்டை. வடிகட்டாத தண்ணீர் விடுவதே இல்லை என்று கம்பெனியின் பொறியாளர் சாதித்தார். வீட்டுக் குழாயில் விலாங்கு மீன் வந்தது என்று குடியிருப்போர் சாட்சி சொன்னார்கள். ஓல்டு ஃபோர்டில் இருந்த திறந்த நீர்த்தேக்கத்தில்தான் கோளாறு என்று கண்டுபிடிக்கப்பட்டது. லண்டனுக்காகப் பொறியாளர் பேசல்கெட் போட்ட பெரிய சாக்கடைத் திட்டம் அந்தப் பகுதியில் மட்டும் இன்னும் முடிந்திருக்கவில்லை.

இதே தெருக் கணக்கு அசௌகரியமான உண்மைகளையும் வெளியே கொண்டுவரும். செயின்ட் ஜைல்ஸ் சேரியை இடித்து நியூ ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் போட்டார்கள். அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள்? பக்கத்து சர்ச் லேனுக்கு. அங்கே 27 வீடுகளில் 1841-இல் 655 பேர் இருந்தார்கள். 1847-இல் லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தார் போய் எண்ணியபோது 1,095 பேர். அகலமான புதுத் தெருவைப் பார்த்தால் முன்னேற்றம், சந்துக்குள் போனால் நெரிசல். ஒரு வட்டாரத்தில் ரயில் பாதைக்காகவோ சாலைக்காகவோ குடிசைகளை இடித்தால் அதன் இறப்பு விகிதம் இறங்கும், எல்லையைத் தாண்டிய வட்டாரத்தில் ஏறும். உங்கள் அறிக்கையில் அந்த வருடம் ஏதாவது இடிப்பு நடந்ததா என்று தேடுங்கள். நடந்திருந்தால், ‘சாக்கடையால் குறைந்தது’ என்பதை ஏற்கும் முன் பக்கத்து வட்டார அறிக்கையையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, சாக்கடைக்கு எவ்வளவு பங்கு? இங்கே அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. 1866-இல் ஜார்ஜ் புக்கானன் என்ற மருத்துவர் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் வந்த 25 ஊர்களை முன்னும் பின்னும் ஒப்பிட்டார். பல ஊர்களில் டைஃபாய்டு குறைந்திருந்தது, அது எதிர்பார்த்ததே. ஆனால் காசநோயும் குறைந்திருந்தது: சாலிஸ்பரியில் நூற்றுக்கு 49, ஈலியில் 47. நிலத்தடி ஈரம் வற்றியதால் என்று அவர் விளக்கினார். காசநோய்க் கிருமியை கோஹ் கண்டுபிடித்தது 1882-இல். ஈர மண்ணிலிருந்து காசநோய் வராது என்று இப்போது தெரியும். எண் உண்மையாக இருந்தும் விளக்கம் நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் தாமஸ் மெக்கியோன் என்ற பேராசிரியர், இறப்புக் குறைவுக்கு முக்கியக் காரணம் மேம்பட்ட உணவு, சுகாதாரப் பணிகளின் பங்கு அதற்கடுத்துத்தான் என்று வாதிட்டார். வரலாற்றாசிரியர் சைமன் ஸ்ரெட்டர் போன்றவர்கள், நகராட்சிகள் கடன் வாங்கிக் குழாயும் சாக்கடையும் போட்டதுதான் தீர்மானித்தது என்று திருப்பியடித்தார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்பவன், டைஃபாய்டு, காலரா விஷயத்தில் உறுதியாகவே. ஆனால் ஸ்கார்லெட் காய்ச்சலின் வீரியம் 1870களுக்குப் பிறகு தானாகவே தணிந்தது. அதற்கு எந்த அதிகாரியும் உரிமை கொண்டாட முடியாது. குழந்தைச் சாவைப் பாருங்கள்: பொது இறப்பு விகிதம் 1870களிலிருந்து இறங்கிக்கொண்டே போக, ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் நூற்றாண்டு முடியும் வரை ஆயிரத்துக்கு 150-ஐச் சுற்றியே நின்றன, 1899-இல் 163. குழாயும் சாக்கடையும் வந்த பிறகும் வெயில்கால வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. நாலடி ஆழத்தில் மண்ணின் வெப்பம் 56 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டியதும் இந்தச் சாவுகள் ஏறத் தொடங்குகின்றன என்று எட்வர்ட் பல்லார்டு என்ற மருத்துவர் கண்டு எழுதினார். கவனிப்பு சரி, அதன் பின்னால் இருந்தது குதிரைச் சாணத்தில் பெருகிய ஈயும், கெட்ட பாலும், புட்டிப்பாலும் என்று பிற்பாடுதான் தெளிந்தது.

இனி உங்கள் அறிக்கையைத் திரும்பப் படிக்கும்போது முதல் பக்கத்தைத் தாண்டிப் போங்கள். வருடம் எதில் முடிகிறது என்று பாருங்கள். 1 அல்லது 2 என்றால் விகிதத்தை ஓரளவு நம்பலாம். மருத்துவமனைச் சாவுகளைச் சேர்த்தாரா கழித்தாரா என்று அடிக்குறிப்பில் தேடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் சாவு மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள். தெருப் பட்டியல் இருந்தால் அந்தத் தெருக்களைப் பழைய வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். லண்டன் வட்டாரச் சுகாதார அதிகாரிகளின் அறிக்கைகள், 1848 முதல் 1972 வரையிலானவை, ஐயாயிரத்துக்கும் மேல் லண்டன் வெல்கம் கலெக்‌ஷன் என்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் வட்டாரத்துக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து வருடங்களை எடுத்து, கணக்கெடுப்பில் உறுதியான மக்கள்தொகையை வைத்து நீங்களே ஒருமுறை வகுத்துப் பாருங்கள். விகிதம் அப்போதும் குறைந்திருந்து, டைஃபாய்டும் வயிற்றுப்போக்கும் மற்ற நோய்களைவிட வேகமாக இறங்கியிருந்தால், சாக்கடை பற்றி அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. எல்லா நோயும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் மக்கள்தொகை ஊகத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.